உப்புவெளியில் நாலு அறை, கூகிளில் ஒரு சின்ன விளம்பரம்

சீசன் நெருங்கினால் திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் நாலைந்து அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். கூகிளில் விளம்பரம் போட்டால் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு போகும், அதை எப்படிக் குறைக்கலாம்? கேட்கிறவர்களில் அநேகம் பேர் பதிலையும் கையோடு கொண்டு வருவார்கள்: நாங்கள் கொடுக்கச் சம்மதிக்கும் தொகையைக் குறைத்துப் போட்டால் சரிதானே? சில நேரம் அது சரிதான், எப்போது என்று கீழே சொல்கிறேன். ஆனால் சின்ன பட்ஜெட்டில் கிளிக் விலை உண்மையாகவே இறங்குவது நீங்கள் யாருக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டாமல் விடுகிறீர்கள் என்பதால்தான். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்தக் கணக்கு எங்கள் ஊருக்கு ஏன் முக்கியம் என்று பார்ப்போம். பெரிய முன்பதிவுத் தளங்கள் வழியாக ஒருவர் அறை எடுத்தால் 15 சதவீதம் அளவிலாவது கொமிஷன் போய்விடும், சிலருக்கு அதைவிடக் கூட. ஒரு இரவு 15,000 ரூபாய் என்று வைத்தால் 2,250 ரூபாய். மூன்று இரவு தங்கினால் 6,750. இப்போது நேரடி முன்பதிவுக்காக விளம்பரம் போடுகிறீர்கள், கிளிக்குக்கு 60 ரூபாய் போகிறது, முப்பது பேர் கிளிக் பண்ணினால் ஒருவர் அறை எடுக்கிறார் என்று வையுங்கள். அந்த ஒருவருக்கு உங்களுக்கு 1,800 ரூபாய் செலவு, அதாவது கொமிஷனைவிடக் குறைவு. அதே கிளிக் 120 ரூபாய் என்றால் 3,600. ஒரு இரவு ஆளுக்கு அது நட்டம், மூன்று இரவு ஆளுக்கு லாபம். ஆகவே கிளிக் விலையைத் தனியாக எடுத்துக் கூடவா குறைவா என்று சொல்ல முடியாது. அறை விலை, எத்தனை இரவு, எத்தனை பேரில் ஒருவர், இந்த மூன்றும் தெரியாமல் "கிளிக்குக்கு 40 ரூபாய்தான் போகுது" என்று பெருமைப்படுவதில் பலனில்லை.

சரி, இந்த விலை எப்படி வருகிறது? கடற்கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூடக் கேட்டவனுக்குத்தான் கூறு. கூகிளின் ஏலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம் நடக்கிறது, அதில் நீங்கள் சொல்லும் தொகையோடு உங்கள் விளம்பரத்தின் தரமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. எளிமைப்படுத்திச் சொன்னால் தொகையைத் தரத்தால் பெருக்கி வரும் எண் யாருக்குக் கூடவோ அவர் மேலே. ஆனால் அவர் தான் சொன்ன தொகையைக் கட்டுவதில்லை, தனக்குக் கீழே நிற்பவரைத் தாண்டத் தேவையான அளவை மட்டும் கட்டுகிறார். நீங்கள் 100 ரூபாய் சொல்கிறீர்கள், உங்கள் தரம் 4, பெருக்கினால் 400. பக்கத்து விடுதிக்காரர் 60 ரூபாய்தான் சொல்கிறார், அவர் தரம் 8, பெருக்கினால் 480. மூன்றாவது ஒருவர் 60 ரூபாய், தரம் 5, அது 300. மேலே வருவது பக்கத்து விடுதி, அவர் கட்டுவது 400ஐ 8ஆல் வகுத்தால் வரும் 50 ரூபாயும் சில சதமும். இரண்டாவதாக நிற்கும் நீங்கள் கட்டுவது 300ஐ 4ஆல் வகுத்தால் வரும் 75. அவர் மேலே நின்று 50 கட்டுகிறார், நீங்கள் கீழே நின்று 75 கட்டுகிறீர்கள். இப்போது நீங்கள் தொகையைத் தொடாமல் தரத்தை மட்டும் 8க்கு ஏற்றிவிட்டால் உங்கள் எண் 800, இடம் முதலாவது, கட்டுவது 480ஐ 8ஆல் வகுத்து 60. மேலேயும் போனீர்கள், விலையும் குறைந்தது.

நிஜத்தில் இதற்குள் இன்னும் பல காரணிகள் உண்டு, தேடுகிறவர் எங்கே இருக்கிறார், எந்த நேரம், போனா கணினியா, குறைந்தபட்சத் தகுதி எல்லை எவ்வளவு என்றெல்லாம். உங்கள் கூகிள் விளம்பரக் கணக்குக்குள் 1 முதல் 10 வரை தெரியும் தரப் புள்ளி அப்படியே ஏலத்தில் பெருக்கப்படும் எண்ணும் அல்ல. டொக்டர் பார்க்கும் காய்ச்சல் அளவு போல, எங்கே பிழை என்று காட்டத்தான் அது இருக்கிறது. ஆனால் அது எதைக் கொண்டு போடப்படுகிறது என்பது வெளிப்படையாகவே இருக்கிறது: ஆட்கள் கிளிக் பண்ணக்கூடிய வாய்ப்பு, தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், கிளிக் பண்ணி வந்து சேரும் பக்கம் எப்படி இருக்கிறது என்பது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு அட்வேர்ட்ஸ் என்று தொடங்கி, 2018இல் கூகிள் அட்ஸ் என்று பெயர் மாறியது வரை அதற்குள் எத்தனையோ மாறிவிட்டது. தேடியவருக்குத் தேவையானதைக் காட்டுகிறவனுக்கு மலிவு என்பதுதான் இன்றைக்கு அதன் அடிப்படை. நாலு அறைக்காரர் நாற்பது அறைக்காரரோடு மோதக்கூடிய ஒரே இடம் அதுதான், அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

இனி, பணம் எங்கே கசிகிறது? கணக்குக்குள் போய்த் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறவுங்கள். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுத்த சொற்களின் பட்டியல், அதாவது கீவேர்ட் பட்டியல் வேறு, ஆட்கள் உண்மையாகத் தட்டச்சிட்டது வேறு. இந்த அறிக்கையில் இரண்டாவது இருக்கும். (எல்லாம் இருக்காது. 2020 செப்டம்பருக்குப் பிறகு ஓரளவு எண்ணிக்கையில் வந்த தேடல்கள்தான் காட்டப்படுகின்றன. இருப்பதே போதும்.) உப்புவெளியில் விடுதி நடத்தும் அக்கா ஒருவரின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அவரையும் பக்கத்தில் இருத்தி, விறாந்தையில் மடிக்கணினியை வைத்து, வரி வரியாக வாசித்தோம். வேலை தேடி வந்தவர்கள் ஒரு கூட்டம், "ட்ரிங்கோ ஹோட்டல் வேக்கன்ஸி" என்று. கொழும்பு பஸ் நேரம், இரவு ரயில் டிக்கெட், நாளைய மழை. கல்யாண ரிசெப்ஷன் மண்டபம். பிறகு அக்கா ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, இதென்ன ஹார்ட்டில்பூல்? எங்கட ஊருக்கும் அதுக்கும் என்ன?" என்று கேட்டார்.

எங்கள் ஊரின் ஆங்கிலப் பெயரில் ஒரு கப்பல் இருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பல், எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. இன்றைக்கு அது வட இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அருங்காட்சியகமாக நிற்கிறது, குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள். இங்கிலாந்துப் பயணிகளைப் பிடிக்கிறோம் என்று அந்த நாட்டைத் தெரிவு செய்து, ஊர்ப் பெயரைத் தளர்வாகக் கீவேர்டாகப் போட்டால், கப்பல் பார்க்க டிக்கெட் தேடும் ஆளுக்கும் உப்புவெளி அறை விளம்பரம் போகும். அவர் கிளிக் பண்ணினால் காசு போகும். பண்ணாவிட்டாலும் பரவாயில்லை என்று விட முடியாது, ஏனென்றால் காட்டியும் கிளிக் விழாத ஒவ்வொரு தடவையும் உங்கள் விளம்பரம் அந்தக் கீவேர்டுக்குப் பொருந்தாதது என்ற கணிப்பைத்தான் வலுப்படுத்தும், போகப்போக உங்கள் விலை ஏறலாம்.

புறாமலை இன்னும் மோசம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும், 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட எங்கள் தீவை ஆங்கிலத்தில் பிஜன் ஐலண்ட் என்கிறார்கள். அதே பெயரில் கரீபியனில் செயின்ட் லூசியாவில் ஒரு இடம் இருக்கிறது. குவாதலூப்பில் பிரெஞ்சுக்காரர் சுழியோடப் போகும் பிஜன் தீவுகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் முருடேஸ்வர் கடலில் இருக்கும் நேத்ராணிக்கும் அந்தப் பெயர் உண்டு, அங்கேயும் ஸ்கூபாதான். "பிஜன் ஐலண்ட் ஸ்நோர்க்கலிங்" என்ற கீவேர்டைத் தனியே விட்டுவிட்டு அமெரிக்கா, பிரான்ஸ், இந்தியா என்று நாடுகளைத் திறந்துவிட்டால் உலகத்தில் பாதிக் கடலுக்கு நீங்கள் காசு கட்டுவீர்கள். நிலாவெளி அல்லது இலங்கை என்ற சொல் சேராமல் அந்தக் கீவேர்ட் என் கணக்கில் எதிலும் இல்லை. செயின்ட் லூசியா, குவாதலூப், நேத்ராணி, முருடேஸ்வர், ஹார்ட்டில்பூல், எச்.எம்.எஸ். எல்லாம் விலக்குச் சொல் பட்டியலில், அதாவது தேடலில் இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று கொடுக்கும் பட்டியலில்.

விலக்குச் சொல் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணக் கீவேர்டுக்குக் கூகிள் ஒருமை, பன்மை, ஒத்த பொருள் என்று தானாக விரித்துக்கொள்ளும். விலக்குச் சொல்லை அப்படி விரிக்காது. எழுத்துப்பிழைகளை மட்டும் 2024இலிருந்து அதுவே பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேலை என்பதற்கு ஆங்கிலத்தில் ஜொப், ஜொப்ஸ், வேக்கன்ஸி, வேக்கன்ஸிஸ், சலரி என்று ஒவ்வொன்றாக நீங்கள்தான் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் சின்னக் கணக்கில் இதற்கு ஈடாக வேறெதுவும் விலையைக் குறைப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து, சீசன் தொடங்கிய முதல் கிழமைகளில் தினமும் பார்க்கிறேன், பிறகு கிழமைக்கு ஒரு தடவை.

கீவேர்டை எந்தப் பொருத்தத்தில் போடுவது என்ற கேள்வியும் இதனோடு வருகிறது. எதுவும் சொல்லாமல் எழுதினால் அது பரந்த பொருத்தம், கூகிள் தொடர்புடையது என்று நினைக்கும் எதற்கும் காட்டும். மேற்கோள் குறிக்குள் எழுதினால் அந்தச் சொற்றொடரின் பொருள் தேடலில் இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் அதே பொருளில் உள்ள தேடலுக்கு மட்டும். நாளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் போடுகிறவர் பரந்த பொருத்தத்தின் பக்கமே போக வேண்டாம். அது கற்றுக்கொள்ளத் தேவையான தரவு உங்களிடம் இல்லை, மாதத்துக்கு ஒரு சில முன்பதிவை வைத்து அது எதைக் கற்கும்?

அப்புறம், யார் எப்படித் தேடுகிறார்கள் என்று பாருங்கள். கொழும்பிலும் கண்டியிலும் இருந்து தேடுகிறவர்கள் அநேகமாக ட்ரிங்கோ என்று சுருக்கித்தான் அடிப்பார்கள். வெளிநாட்டார் முழுப்பெயரை அடிப்பார்கள், அல்லது ஊரை விட்டுவிட்டு நிலாவெளிக் கடற்கரை என்று நேராகப் போவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் தேவை வேறு. கொழும்புக் குடும்பம் போயா (பௌர்ணமி) விடுமுறை ஒட்டிவரும் நீண்ட வார இறுதிக்கு இரண்டு நாள் முன்னால் தேடும், பிள்ளைகளுக்கு இடம் இருக்கா, சமைக்கலாமா, வான் நிறுத்தலாமா என்று கோல் எடுத்துக் கேட்கும். ஜெர்மன்காரர் ஜூலைப் பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே தேடிவிடுவார். இரண்டையும் ஒரே விளம்பரத்துக்குள் திணித்தால் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத்தான் பொருந்தும், விலை ஏறும். நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி விளம்பரக் குழு என்று பிரித்துவிடுவேன். ஜெர்மன் மொழியில் தேடுகிறவருக்கு ஜெர்மனில் கீவேர்ட், ஜெர்மனில் விளம்பரம், ஜெர்மனில் ஒரு பக்கம். கூகிள் உங்கள் விளம்பரத்தை மொழிபெயர்த்துத் தராது, நீங்கள் எழுதியதுதான் போகும், அதனால் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் முட்டிமோதும் இடத்தில் நிற்பதைவிட இந்த ஒதுக்குப்புறத்தில் போட்டி குறைவு, விலையும் இறங்கும். ரஷ்ய மொழியிலும் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவுக்குள் இருப்பவர்களுக்குக் கூகிள் விளம்பரம் காட்டுவதில்லை, அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கணக்கில் ஒரு விளம்பரப் பிரசாரத்தைத் தொடங்கும்போது சில பெட்டிகள் ஏற்கெனவே சரி போட்டபடி வரும். அவற்றில் காட்சி வலையமைப்பு என்பதை எடுத்துவிடுங்கள். அதை விட்டால் வேறு தளங்களிலும் செயலிகளிலும் உங்கள் விளம்பரம் போகும், கிளிக் மிக மலிவாக விழும், சராசரி விலை சட்டென்று இறங்கிவிட்டது போலத் தெரியும். பிள்ளை கேம் விளையாடும்போது தவறித் தட்டிய கிளிக்கும் அந்தச் சராசரிக்குள் இருக்கும். விலை இறங்கியதைக் கொண்டாட முன்னர் எங்கிருந்து இறங்கியது என்று பாருங்கள். இட அமைப்பிலும் இப்படித்தான். அந்த இடத்தில் இருப்பவர்கள், அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள், இருவரையும் சேர்த்துத்தான் அது தானாகத் தெரிவு செய்திருக்கும். எங்களுக்கு வேண்டியவர் ஊருக்கு வெளியே இருப்பவர், எனவே திருகோணமலையை இலக்காகப் போட்டு உட்கார்ந்திருக்காமல், ஆட்கள் வரும் நாடுகளையும் கொழும்பு, கம்பஹா, கண்டி மாவட்டங்களையும் போட்டு, அங்கே இருப்பவர்கள் என்று மட்டும் வைக்கிறேன்.

விளம்பர வாசகத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 30 எழுத்துக்குள் 15 தலைப்பு, 90 எழுத்துக்குள் 4 விளக்கம் வரை கொடுக்கலாம், கூகிள் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும். தேடிய சொல் தலைப்பில் இருக்கட்டும். "சிறந்த தங்குமிடம்" என்று எழுதி எழுத்தை வீணாக்காதீர்கள், கடலுக்கு எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள். விலையை எழுதலாமா என்று ஒரு வாதம் உண்டு. எழுதினால் கிளிக் வீதம் கொஞ்சம் குறையும், அதனால் தரமும் குறையலாம் என்பார்கள். நான் எழுதச் சொல்வேன். 5,000 ரூபாய்க்கு அறை தேடுபவர் 15,000 என்று கண்டதும் கிளிக் பண்ணாமல் போய்விடுவார், அந்தக் காசு மிச்சம்.

கிளிக் வந்து விழும் பக்கத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். புறாமலைக்குப் போட் தேடியவரை விடுதியின் முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டால் அவர் அங்கே எதைத் தேடுவார்? போட் எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு, பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்த்தா தனியா, கண்ணாடியும் துடுப்புக் காலணியும் தருவீர்களா, இது எல்லாம் உள்ள பக்கத்துக்கே நேராகப் போக வேண்டும். ட்ரோனில் எடுத்த கடற்கரைப் படத்தை எடுத்தபடியே பெரிய கோப்பாக ஏற்றிவைத்திருப்பார்கள், போனில் திறக்கத் திறக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று கூகிளின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது, முகவரியைக் கொடுத்தால் எது கனம் என்று சொல்லும்.

இப்போது தொகையைக் குறைக்கும் விஷயம். உங்கள் பணம் மத்தியானத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். பட்ஜெட் போதாததால் இழந்த காட்சிப் பங்கு (பணம் போதாமல் உங்கள் விளம்பரம் காட்டப்படாமல் போன வீதம்) என்று ஒரு நிரல் உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பெரிதாக இருந்தால் சந்தையில் நீங்கள் வாங்கக்கூடியதைவிடக் கூடுதல் கிளிக் இருக்கிறது என்று பொருள். நாளுக்கு 1,500 ரூபாய், கிளிக்குக்கு 100 போனால் 15 கிளிக். தொகையை இறக்கி 60க்குக் கொண்டுவந்தால் ஒரு இடம் கீழே போவீர்கள், ஆனால் 25 கிளிக். முதலாவதாக நிற்கத்தான் வேண்டும் என்ற வீம்பு சின்னக் கணக்குக்கு ஆகாது. மாறாக, அந்த நிரல் வெறுமையாக இருந்து, பணமும் மிஞ்சுகிறதென்றால் தொகையைக் குறைப்பது ஆட்களைத்தான் குறைக்கும். அக்கா ஒருநாள் பதறிக்கொண்டு கோல் எடுத்தார், "தம்பி, நான் நாளுக்கு ஆயிரம் எண்டுதானே சொன்னேன், நேற்று ரெண்டாயிரம் போயிருக்கு!" அது அப்படித்தான் இயங்கும். தேடல் கூடிய நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், மாதத்துக்கு உங்கள் நாள் பட்ஜெட்டை 30.4ஆல் பெருக்கிய தொகையைத் தாண்டாது.

நேர அட்டவணை போடுகிறவர்கள் இரவு பத்து மணிக்கு விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள், நாங்கள் நித்திரை என்பதால். கோடையில் ஜெர்மனிக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், இங்கிலாந்துக்கு நாலரை. பெர்லினில் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்குச் சோபாவில் சாய்ந்து பயணம் தேடுகிறவருக்கு எங்கள் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை. உள்ளூர்க் குழுவைப் பத்து மணிக்கு நிறுத்துங்கள், ஐரோப்பியக் குழுவை விடுங்கள். அந்த நேரம் வட்ஸ்அப்பில் வரும் கேள்விக்குத் தானியங்கிப் பதில் ஒன்றை வையுங்கள், விலையும் காலை எத்தனை மணிக்குப் பதில் வரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

வட்ஸ்அப் பொத்தானைத் தட்டுவதையும் கோல் எடுப்பதையும் கட்டாயம் கணக்கில் பதிய வையுங்கள். இது இல்லாமல் மேலே சொன்ன எதற்கும் பயன் தெரியாது. எந்தக் கீவேர்ட் கிளிக் தந்தது, எது ஆள் தந்தது என்பது வேறு வேறு. ஜெர்மன் குழுவில் கிளிக் கூடிய விலையானாலும் வருகிறவர் நாலைந்து இரவு தங்கினால் நான் அதைத் தொடமாட்டேன். கூகிள் தரும் பரிந்துரைகள் பக்கத்தில் நூறு சதவீத மதிப்பெண் எடுக்கவும் ஓடாதீர்கள். அது உங்கள் லாபத்தின் மதிப்பெண் இல்லை. பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் அமைப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கவனமாகச் சுருக்கிய கீவேர்ட் ஒருநாள் பரந்ததாகிக் கிடக்கும்.

விடுதியின் சொந்தப் பெயருக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பெயரைத் தேடினால் முன்பதிவுத் தளத்தின் விளம்பரம் முதலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உங்களைத் தேடி வந்தவரையே அவர்கள் வழியாக அனுப்பிக் கொமிஷன் கட்டுகிறீர்கள். உங்கள் பெயருக்கு உங்கள் பக்கத்தைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை, அதனால் அந்தக் கிளிக்தான் கணக்கிலேயே மலிவானதாக இருக்கும். தனிப் பிரசாரமாக வையுங்கள், மற்றவற்றோடு கலந்தால் சராசரியைக் குறைத்துக் காட்டி உங்களை ஏமாற்றும்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் புறாமலைப் போட்டுக்கான குழுவையும் திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணத்துக்கான குழுவையும் நிறுத்திவிடுவேன். சொந்தப் பெயர்ப் பிரசாரம் மட்டும் ஆண்டு முழுக்க ஓடும். ஜனவரி கடைசியில் ஜெர்மன், பிரெஞ்சுக் குழுக்களைத் திறப்பேன், மார்ச்சில் திமிங்கிலம், ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர் கொழும்புக் குழு. இந்த ஆண்டுக்கான விலக்குச் சொல் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன், எல்லாருக்கும் அதே கப்பலும் அதே தீவுகளும்தான் வந்து முட்டுகின்றன.